நைனா பேர் வைத்த மெஷின்

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு கெட்ட வழக்கம். பிறந்த நாளோ, வேலையில் சேர்ந்த நாளோ, யாருடைய நாளோ அவரேதான் ஆபீசுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போக வேண்டும். உழைப்பதும் நான், தீனி போடுவதும் நானா என்று முதல் வருஷம் வயிறு எரிந்தது. இப்போது பழகிவிட்டது. இந்த வருஷமும் ஆப்பிள் கேக்கை வெட்டி வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். எங்கள் பிரிவுத் தலைவர் டீட்டர், வாய் நிறையக் கேக்கோடு, "எட்டு வருஷத்தில் இந்த மெஷின்களிடம் என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காபி எடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஜனங்களுக்கு இது சட்டென்று புரியும். மற்றவர்களுக்கும் புரியாமல் போகாது.

முதலில் என் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி, கேபிளால் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் போடவேண்டிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் சீக்கிரம் முடியும். ஆறு எப்போது பெருகும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடிக்கிற கணக்குகள். துண்டு போட்டுக் கொடுப்பதற்கும் விடையை வாங்கிச் சேர்ப்பதற்கும் தலைமை மெஷின் ஒன்று இருக்கும். எது நின்றாலும் ஓடிப் போய்ப் பார்ப்பது நான்.

இதை ஒருமுறை அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், ஃபோனில் விளக்கினேன். நைனா சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிகளில் லோடு இறக்கும் கூலி ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்டின்னா நீ மேஸ்திரி ஆயிட்டன்னு சொல்லு" என்றார்.

"இல்ல நைனா, மேஸ்திரியும் மெஷின்தான். நான் மேஸ்திரிக்குக் காவக்காரி."

"மேஸ்திரிக்கு எதுக்குமா காவல்? அவன் எங்க ஓடிடப் போறான்?" என்று சிரித்தார். அவர் சிரித்தால் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். மாங்காய் லாரியின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஆளை வேலை வாங்கின குரல் அது. ஜெர்மனி தூரம் என்பதால் ஃபோனில் இன்னும் ஒரு சுற்று ஏற்றிக் கத்துவார்.

2

எங்கள் ஊர் வடமாலப்பேட்டை பக்கம். நிலம் கிடையாது. நைனா கூலி வேலை தேடிச் சித்தூருக்குப் போனார், அங்கேயே தங்கினோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ். எப்படியோ முட்டி மோதித் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தேன். முடித்த கையோடு அதே காலேஜில் லேப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நாடு திறந்துவிட்டது, கம்ப்யூட்டர் படித்தவர்களையெல்லாம் வெளிநாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான் என்று பேப்பரெல்லாம் எழுதிக்கொண்டிருந்த காலம். திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் காலேஜில் மட்டும் யாரோ கழித்துக்கட்டின பழைய மெஷின்கள்தான் மூலையில் குவிந்து கிடந்தன.

நானும் என்னோடு வேலை செய்த சுரேஷும் அந்தப் பழசுகளைத் துடைத்து, நெட்வொர்க் கார்டு போட்டு, ஒன்றாகக் கட்டினோம். ஒரு இரும்புத் தகட்டை ஒரு ஓரத்தில் சூடு பண்ணினால் சூடு எப்படிப் பரவும் என்பதுதான் கணக்கு. தகட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். பக்கத்துப் பட்டையின் ஓரம் எவ்வளவு சூடாயிருக்கிறது என்று தெரியாமல் யாரும் அடுத்த அடி வைக்க முடியாது. அதனால் எல்லாரும் முடிக்கிறவரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதிலே ஒரு மெஷின் மகா சோம்பேறி. மற்றதெல்லாம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க, அது மட்டும் முக்கிக்கொண்டிருக்கும். அதை உதைக்கலாம் போல இருக்கும்.

தலைமை மெஷினுக்குப் பேர் வைக்க வேண்டியிருந்தது. தான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் வேலை வாங்குகிறது, சத்தமும் அதற்குத்தான் அதிகம், மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்ளும். "நைனா" என்று வைத்தேன். தெலுங்குக்காரனான சுரேஷுக்கும் அது அப்பாதான், அதனால் ஆட்சேபணை இல்லை. வீட்டில் சொன்னபோது நைனாவுக்கு ஒரே கோபம். "நான் வேல செய்யலியா? இந்தத் தோள வந்து பாருடி" என்று சண்டை பிடித்தார். ஆனால் டீக்கடையில் போய், திருப்பதி காலேஜில் தன் பேரில் ஒரு மெஷின் ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

ஜெர்மனியில் என்னிடம் புது அடுக்கை ஒப்படைத்தபோது தலைமை மெஷினுக்கு அதே பேரை வைத்தேன். டீட்டர் வாயில் அது "நய்-ஈனா" ஆகிவிட்டது.

3

என் மகன் கவினுக்கு ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாள் முழுக்க அவனோடு பேசுகிறவர்கள் ஜெர்மன்காரர்கள்தானே. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது ஃபோனை எடுத்துவிட்டான். அம்மா இல்லை என்பதற்கு இங்கே குழந்தைகள் "மாமா இஸ்ட் நிஷ்ட் டா" என்று சொல்லும். மறுமுனையில் நைனா.

நான் வந்து வாங்கினபோது நைனா குமுறிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது, பையன் என்ன டா போட்டுப் பேசறான்? அதுவும் மாமாவாம்! நான் தாத்தாடா, தாத்தாடான்னு தொண்ட வறளக் கத்தறேன், திருப்பித் திருப்பி மாமா, டான்றான்."

விளக்கிச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலாகிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பெரிய குரல் கரகரவென்று தேய்ந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "மாங்கா சீசன்மா, தூசி" என்றார். தம்பி தாமு ஃபோனை வாங்கி, சீசனுக்கு முன்னாலேயே இப்படித்தான் இருக்கிறது, சோறு துன்னவும் கஷ்டப்படுகிறார் என்றான். அம்மா இறந்த பிறகு நைனா தாமுவோடுதான் இருந்தார். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

தாமு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டான். "கொந்துல கட்டி கீதாம் க்கா. டெஸ்ட்டுல அதுதான்னு வந்துட்ச்சி. 'கொந்து தீசெய்யாலி, வேரே தாரி லேது'ன்னுட்டாரு டாக்டர்."

கொந்து என்றால் தெலுங்கில் தொண்டை. வேறு வழியில்லை, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். தொண்டையிலிருக்கிற கட்டியைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எடுக்கட்டும், வேறென்ன, உடனே எடுக்கட்டும் என்றேன்.

மறுநாள் கண் வீங்கி ஆபீசுக்குப் போனேன். என்ன என்று டீட்டர் கேட்டார். கட்டிக்கு ஜெர்மனில் "க்னோட்டன்" என்பார்கள், முடிச்சு என்று அர்த்தம். எங்கள் அடுக்கிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதே வார்த்தைதான். எனக்கோ அரைகுறை ஜெர்மன். அழுகை வேறு. "நைனாவில் ஒரு க்னோட்டன். எடுத்தாக வேண்டும்" என்றேன்.

"ஒன்றுதானே?" என்றார் டீட்டர். "எடுத்துவிடு. மற்றதெல்லாம் ஓடும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு விஷயம் தெரிந்து பாவம் அந்த மனிதர் என் மேஜையருகே வந்து எத்தனை மன்னிப்புக் கேட்டார்! அவர்மேல் என்ன தப்பு.

4

எட்டு வருஷம் இந்த வேலையில் இருந்தவளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாதா? உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரித்தேன். தாமு டெஸ்ட் பேப்பர்களைச் சேர்க்க வேண்டும். வேலூரில் இருக்கும் மாமா மகன் அவற்றை அங்கே இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும். திருப்பதியிலேயே தங்கிவிட்ட சுரேஷ் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லி வைக்க வேண்டும். லீவு, டிக்கெட் என் பொறுப்பு. ஒருவர் முடிக்க இன்னொருவர் காத்திருக்கக் கூடாது, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடணும் என்று உத்தரவு போட்டேன். வேலூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். படுக்கையும் கிடைத்தது. எனக்கே என்மேல் மெச்சுதல்.

இரண்டு இடத்தில் மாட்டியது.

ஒன்று, இங்கே வெளிநாட்டவர் அலுவலகம். தங்கும் அனுமதி முடிந்து, நீட்டிப்புக்காக பாஸ்போர்ட்டை அங்கே கொடுத்திருந்தேன். நேரில் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் நல்லவள்தான், தண்ணீர்கூடக் கொடுத்தாள். "கோப்பு மேலே போயிருக்கிறது. வரும்போது வரும்" என்றாள். அதற்கு முன்னால் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். என் அனுமதியில்தான் வீட்டுக்காரர் செந்தில், கவின் இரண்டு பேர் அனுமதியும் தொங்குகிறது. என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றேன். வருத்தமாக இருக்கிறது என்றாள். எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று, நைனா. ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். தாமு கெஞ்சினான், திட்டினான். ஃபோனுக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேப்பர் தயார், டாக்டர் தயார், படுக்கை தயார். அந்த ஒரு மனுஷன் சரி என்று சொல்லாமல் யாராலும் அடுத்த அடி வைக்க முடியவில்லை. எத்தனை மெஷினை வேண்டுமானாலும் கூடச் சேர்க்கலாம், எந்தக் கணக்கிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். அது தன் பாட்டுக்குத் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். படிக்கும்போது பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன் இதை.

அந்த வாரத்திலேயே காலை ஆபீஸில் மெயிலைத் திறந்தால் தானாக வருகிற தகவல் ஒன்று: "நைனா பதில் சொல்லவில்லை." முதலில் ஃபோனைத்தான் எடுத்தேன், பிறகுதான் மெஷின் என்று உறைத்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கேபிள் ஒன்று நழுவியிருந்தது. செருகினேன், சரியாகிவிட்டது. இந்த மெஷின் பேரை மாற்றிக்கொடுங்கள் என்று டீட்டரிடம் கேட்டேன். பேரை மாற்றினால் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், கோடைக்கு அப்புறம் பார்ப்போம் என்றார். இதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

கடைசியில் நைனா ஃபோனுக்கு வந்தார்.

"சின்ன கட்டிதானே நைனா? எடுத்துட்டா சரியாப்பூடும். எதுக்கு இப்டி அடம் புடிக்கற?"

"கட்டி இல்லம்மா. டாக்டரு இன்னா சொன்னாருன்னு தாமு சொன்னானா இல்லியா? கொந்து எடுக்கணும்னாரு."

"ஆமா, தொண்டைல…"

"கொந்துன்னா தொண்ட மட்டுமா? எத்தினி வருசம் தெலுங்கு பேசன நீ? அங்க போயி மறந்துட்டியா?"

தெலுங்கில் தொண்டைக்கும் குரலுக்கும் ஒரே வார்த்தைதான். அதிலேயே வளர்ந்தவள் நான். தமிழில் இரண்டும் வேறு வேறு என்பதால், ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு, எடுக்கட்டும் எடுக்கட்டும் என்று குதித்திருக்கிறேன். தாமுவுக்கு முதலிலிருந்தே தெரியும். எனக்கும் புரிந்துதான் சொல்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"நீ அங்க கீற, நான் இங்க கீறேன்" என்றார் நைனா. பேசுவதற்கே மூச்சு வாங்கியது. "நடுவுல இந்த ஃபோன்தான். அதுல வர்றது என் கொந்து ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா உனக்கும் எனக்கும் இன்னா கீது? எழுதலாம்னா நான் கைநாட்டு."

"தாமு சொல்லுவான் நைனா, நீ சொல்றத."

"அவன் சொன்னா அது அவன் பேச்சு."

அப்புறம் நைனாவே, "நீ வந்து பக்கத்துல நில்லு. ஒத்துக்கறேன்" என்றார்.

"பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல மாட்டிக்கினு கீது நைனா."

"எப்பத் தருவாங்கோ?"

"தெரில."

"நாளிக்கா, அடுத்த மாசமா?"

"தெரில நைனா. எனக்கு ஒண்ணியுமே தெரில." பெரிய மனுஷி மாதிரி தைரியம் சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதேன். எந்த ஊரில் எந்த மெஷின் நின்றாலும் இங்கே உட்கார்ந்தபடி தட்டி எழுப்புகிறவள், ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்து ஆஸ்பத்திரியில் பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்க வக்கில்லாமல் அழுதேன்.

"அழுவாத பாப்பா" என்றார். "சரி. அறுத்துக்கச் சொல்லு. நீ அழுவாத."

என் அழுகையை நிறுத்தத்தான் சம்மதித்தார். உயிர் மேல் ஆசைப்பட்டு இல்லை. அது எனக்குத் தெரியும்.

6

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நைனா அதற்கு முன்னால் ஊருக்குப் போய் அம்மனை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போனால் அட்மிஷன் நேரம் தவறிவிடும். நீ நேராகத் திருப்பதிக்குப் போய்ச் சீட்டு வாங்கு, நைனா ஊருக்குப் போய்விட்டு பஸ்ஸில் வரட்டும் என்று தாமுவிடம் நான்தான் பிரித்துக் கொடுத்தேன். சொன்னபடியே எல்லாம் நேரத்துக்கு முடிந்தது.

அன்று எனக்கு மதியம், அங்கே சாயங்காலம். தாமுவின் செல்லில் நைனா பேசினார். கடைசிப் பேச்சு என்று இரண்டு பேருக்கும் தெரியும். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். நைனா எதற்கும் இடம் கொடுக்கவில்லை. இந்த வருஷம் காய் சின்னது, சாறு ஜாஸ்தி என்றார். தாமு பைக்கை விற்றுத் தொலைக்கணும் என்றார். அந்தத் தேய்ந்த குரலிலும் திடீரென்று ஒரு உற்சாகம் வந்தது.

"இன்னிக்கி பஸ்ல வர்றன் பாரு பாப்பா, வடமாலப்பேட்டையாண்ட ஒரு ஆளு ஏறனான். நம்ம மேஸ்திரிங்க வயசுதான் இருக்கும். கண்டக்டரு அவனப் பாத்து அப்டியே நின்ட்டான். ஏன்னு கேளேன்! கையில இன்னா வெச்சிக்கினு இருந்தான்னா…" சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டது அவருக்கு. சிரிப்போடு ஃபோன் செத்துவிட்டது.

சார்ஜ் தீர்ந்திருக்கிறது. திரும்பத் திரும்ப அடித்தேன். தாமு வார்டெல்லாம் பிளக் தேடி, சார்ஜ் ஏற்றிக் கூப்பிட்டபோது, "ஊசி போட்டுட்டாங்க க்கா. தூங்கறாரு. எழுப்பக் கூடாதுன்றாங்கோ" என்றான்.

காலையில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

7

நல்லபடியாக முடிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் டாக்டர்களுக்குத் துரோகம். கழுத்தில் ஓட்டை வைத்து அதன் வழியாக மூச்சு விடுகிறார். ஆறின பிறகு ஏதோ கருவி வைத்துப் பேசப் பழக்கலாம், எல்லாருக்கும் அது கைகூடாது என்கிறார்கள். என் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் அம்மாளுக்கு இப்போது என் முகம் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறேன். தாமு ஸ்பீக்கரைப் போட்டு நைனா பக்கத்தில் வைக்கிறான். கவின் படிப்பு, செந்தில் சமையல், இங்கத்திய வெயில் என்று எதையாவது பேசுகிறேன். அந்தப் பக்கம் காற்று இழுக்கிற சத்தம் வரும். இத்தனை வருஷமும் அவர் பேசினார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே உம் போட்டுக்கொண்டிருந்தேன். உம் போட ஆளில்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிறு பேச ஒன்றும் மிச்சமில்லை. வைத்துவிடவும் மனசில்லை. "நைனா, அந்த பஸ்ல ஏறன ஆளு கையில இன்னாதான் வெச்சிக்கினு இருந்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த ஆளு க்கா?" என்றான் தாமு. அவனுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் அந்த பஸ்ஸிலேயே இல்லையே.

"நீ நைனாவப் பாருடா. இன்னா காட்றாரு?"

"சிரிக்கறாரு க்கா. கைய ரெண்டும் விரிச்சிக் காட்றாரு. இப்ப மேல தூக்கறாரு. ஏதோ சுத்தறாரு… கொடையா நைனா? இல்லியாம். பாம்பா? இல்லியாம், தலையில அடிச்சிக்கறாரு. மறுபடி விரிக்கறாரு. எனக்கு ஒண்ணியும் புரில க்கா."

நான் சமையலறையில் நின்றுகொண்டு, தாமு சொல்லச் சொல்ல என் கைகளை விரித்தேன், தூக்கினேன், சுற்றினேன். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கவின் வந்து என் எதிரே நின்று அதேபோல் செய்தான். இது என்ன விளையாட்டு என்று ஜெர்மனில் கேட்டான்.

"க்கா, நைனாவுக்கு இளைக்குது. இன்னும் காட்டிக்கினே கீறாரு. வுட மாட்றாரு."

"புரிஞ்சிட்ச்சின்னு சொல்லுடா" என்றேன். "பாப்பாவுக்குப் புரிஞ்சிட்ச்சி, சிரிக்குதுன்னு சொல்லு."

தாமு சொன்னான். நானும் ஃபோனில் கேட்கும்படி பலமாகச் சிரித்தேன்.

"இறக்கிட்டாரு க்கா கைய" என்றான் தாமு. "சந்தோசமா கீறாரு."